சவுக்குமர ஓட்டலில் மூத்தவளின் முறை

டக்கார் நகரத்தின் மதீனாப் பேட்டையில் இருபத்திரண்டாம் தெருவுக்கு வந்து மஜிகேன் வீடு எது என்று யாரும் கேட்பதில்லை. மூக்கே கொண்டுபோய் விட்டுவிடும். சந்தனத்தூள், பிசின், இடித்த கோரைக்கிழங்கு எல்லாவற்றையும் வாசனைத் தைலத்தில் புரட்டி, மூடிபோட்ட ஜாடிகளில் வாரக்கணக்கில் ஊறவைத்து, திலேன் சந்தையில் விற்பது அவள் தொழில். சூராய் என்று அதற்குப் பெயர். நம் சாம்பிராணிக்கு அக்கா என்று சொல்லலாம். புருஷன் வீடு திரும்பும் நேரத்தில் மண்சட்டியில் கரியை ஊதி, அதன் மேல் ஒரு சிட்டிகை சூராய் தூவாத மனைவி டக்கார் நகரத்தில் கிடையாது.

"ஊர்ப் பொம்பளைங்க புருஷனையெல்லாம் அவங்கவங்க வீட்டுல கட்டிவைக்கறேன். என் புருஷனை மட்டும் பாதி நாளு பக்கத்து அறைக்கு அனுப்பிவைக்கறேன்" என்பாள் மஜிகேன். சந்தைப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் சொன்னது வேடிக்கைக்காக அல்ல.

அவள் புருஷன் மக்தார் கான் தரைக்கு ஓடு பதிக்கும் மேஸ்திரி. ருஃபிஸ்க்கிலிருந்து அவளைக் கல்யாணம் செய்து அழைத்து வந்த நாளில், பஸ் நகரத்துக்குள் நுழைந்து பிளாட்டோ மேட்டில் ஏறியபோது, கடலைப் பார்த்து நின்ற ஒரு வெள்ளைக் கட்டடத்தைக் கைநீட்டிக் காட்டினான். வாசலில் வரிசையாகச் சவுக்கு மரங்கள். மந்திரிகளும் வெளிநாட்டு வியாபாரிகளும் தங்கும் ஓட்டல். "ஒரு நாளைக்கு உன்னை அங்க கூட்டிட்டுப் போவேன்" என்றான். புது மாப்பிள்ளைகள் சொல்வதுதான். அவன் அடுத்த நிறுத்தத்துக்குள் அதை மறந்திருப்பான். அவள் மறக்கவில்லை.

அமி முதலான நாலு பிள்ளைகளுக்கும், தகரக் கூரை போய்த் தளம் வந்ததற்கும் பிறகு, ஊலி வந்தாள். மூத்தவளுக்கும் இளையவளுக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். ஊலி சண்டைக்காரி அல்ல. குரலை உயர்த்த மாட்டாள், கடன் கேட்க மாட்டாள், "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாத சக்களத்தியைப்போலக் கொடுமை உண்டா?

வீட்டு ஒழுங்கு எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆளுக்கு இரண்டு ராத்திரி. யார் முறையோ அவள் அறையில் மக்தார் தூங்குவான்; அந்த இரண்டு நாளும் வீட்டுக்கே அவள்தான் சமைப்பாள். படுக்கை யாருக்கோ சட்டி அவளுக்கு. முறையில்லாதவள் காலை நீட்டிக்கொண்டு பல்குச்சியை மெல்லலாம். மஜிகேன் மெல்லுவாள். மென்றபடியே சுவரைக் கேட்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் மக்தார் பேசிக்கொண்டே இருப்பான். என்ன பேசுகிறான் என்பது கேட்காது. பேசுகிறான் என்பது மட்டும் கேட்கும். அவளுடைய முறையில் அவன் சாப்பிட்டு, தொழுது, படுத்த உடனே குறட்டை விடுவான். அவளுக்கு இருந்த காயம் அதுதான். ஆனால் அதை அப்போது அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

சவுக்குமர ஓட்டலை மூடி இரண்டு வருஷமாகப் புதுப்பித்துக் கொண்டிருந்தார்கள். தரை வேலை மக்தார் குழுவுக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் பெரிய கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து மீன்சோறு சாப்பிடும்போது அவன் விஷயத்தைச் சொன்னான்.

"ஓட்டல்ல வர்ற வியாழன், வெள்ளி ரெண்டு ராத்திரி சும்மா தங்கச் சொல்லியிருக்காங்க. திறக்கறதுக்கு முன்னாடி குழாய், விளக்கு, லிஃப்ட்டு எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு ஆள வச்சுப் பாக்கணுமாம். மேஸ்திரிக்கு ஒரு ரூம். சம்சாரத்தோட வரணும்."

"எந்தச் சம்சாரத்தோட?" என்றாள் ராக்கி. மக்தாரின் அக்கா. புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டிலேயே இருக்கிறாள். இரண்டு மனைவிகளுக்கும் ஒரே நாத்தனார், ஒரே நீதிமன்றம்.

மக்தார் சோற்றைப் பார்த்தான். "முறை எப்படியோ அப்படி."

வியாழன், வெள்ளி யார் முறை என்று யாரும் கேட்கவில்லை. ஊலி முறை என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பும் அவளுடையது, அதனால் நடுவில் இருந்த மீனை உடைத்துப் பங்கு வைப்பதும் அவள்தான். அவள் ஒரு கணம் கையை நிறுத்தினாள். பிறகு வயிற்றுப் பக்கத்துப் பெரிய துண்டாக ஒன்றை உடைத்து, மஜிகேன் பக்கம் மெல்லத் தள்ளி வைத்தாள்.

அந்த இரக்கத்தைத்தான் மஜிகேனால் பொறுக்க முடியவில்லை. மீனைத் தொடவில்லை.

மறுநாள் முழுக்க அவள் வழி தேடினாள். "படுக்கை யாருக்கோ சட்டி அவளுக்கு. அவ ஓட்டல்ல படுத்துக்கிட்டா இங்க யாரு சமைப்பா அண்ணி?" என்று ராக்கியிடம் கேட்டுப் பார்த்தாள். ஊலி துணி உலர்த்திக் கொண்டிருந்த இடத்திலிருந்தே, "காலைல வந்து சமைச்சு வச்சுட்டுத் திரும்பிப் போறேன் அக்கா, நீங்க சிரமப்படாதீங்க" என்றாள். அந்த வாசலும் அடைபட்டது.

கண்ணை மூடினால் ஓட்டல் வந்தது. வெள்ளைப் படுக்கையில் ஊலி. கண்ணாடி ஜன்னலில் ஊலி. முறையாகப் பார்த்தால் முதல் கல்யாணப் பஸ்ஸில் அந்தக் கட்டடத்தைப் பார்த்தவள் யார்? அன்றைக்கு ஊலி பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போகாத பிள்ளை.

செவ்வாய்க்கிழமை காலை, முற்றத்துக் குழாயடியில் மஜிகேன் தன் கையில் இருந்த பெரிய காசை எடுத்து வைத்தாள்.

"ஊலி, ஓட்டலை எனக்குக் கொடு. தபாஸ்கி அடுப்ப நீ எடுத்துக்கோ."

வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. ஊலி குழாயை மூட மறந்துவிட்டாள். ஆடு அறுக்கும் அந்தப் பெருநாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. முறை யாருடையதாக வந்தாலும் அன்றைய அடுப்பு மூத்தவளுடையது என்பது அந்த வீட்டின் வழக்கம். விருந்தாளிகள் அவளைத்தான் வீட்டுக்காரி என்று வாழ்த்துவார்கள். முதல் கறி அவள் கையால்தான் பரிமாறப்படும். ஊலி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தபாஸ்கிக்கும் வெங்காயம்தான் உரித்திருக்கிறாள்.

"நெசமாவா அக்கா? அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மஜிகேன் பேச்சு மாறுனதா யாராவது சொல்லியிருக்காங்களா?"

"ராக்கி அண்ணி, கேட்டுக்கிட்டீங்கல்ல? ஓட்டல் அக்காவுக்கு, தபாஸ்கி எனக்கு."

"காது கேக்குதுடி எனக்கு" என்றாள் ராக்கி, தேநீர்க் கெண்டியை உயரத் தூக்கி நுரைக்க ஊற்றியபடி. "அல்லாவும் கேட்டாரு."

அன்று மாலை மஜிகேன் முறை தொடங்கியது. மக்தாரிடம் ஏற்பாட்டைச் சொன்னாள். அவன் சிறிது நேரம் அவள் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடினான். "உங்களுக்குள்ள பேசி முடிச்சுட்டீங்கன்னா சரிதான்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

புதன்கிழமை மதியம் ஓட்டலிலிருந்து போன் வந்தது. வேலை கொஞ்சம் பாக்கி. வியாழன், வெள்ளி இல்லை. சனி, ஞாயிறு வரச் சொன்னார்கள்.

சனி, ஞாயிறு மஜிகேனின் சொந்த முறை.

அரிசி களைந்து கொண்டிருந்தவளுக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. பிறகு ஈரக் கையோடு எழுந்து போனாள்.

"ஊலி, நாளு தள்ளிப் போச்சு. நம்ம பேச்சு ரத்து."

"எதுக்கு அக்கா ரத்து? நீங்க ஓட்டலைக் கேட்டீங்க, ஓட்டலைக் கொடுத்துட்டேன். நாளையா கேட்டீங்க?"

"அது என் முறைடி! என் முறையில வர்றத நீ எப்படி எனக்குக் கொடுக்க முடியும்?"

"கேக்கும்போது என்கிட்டதான இருந்துச்சு?" ஊலியின் குரல் அப்போதும் உயரவில்லை.

இருவரும் ராக்கியைப் பார்த்தார்கள். ராக்கி மூன்றாவது சுற்றுத் தேநீரை உறிஞ்சி முடித்த பிறகுதான் தீர்ப்புச் சொன்னாள். "மஜிகேன், சந்தைக்குப் போற வழியில ஆட்டை வித்தவ நீ. வீட்டுக்கு வந்த பிறகு குட்டி என்னோடதுங்கற. பேச்சு பேச்சுதான்."

இப்படித் தன் பொருளையே விலை கொடுத்து வாங்கிய மஜிகேன், சனிக்கிழமை மாலை புறப்பட்டாள். கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்ற ஊதா அங்கி, அதே நிறத் தலைக்கட்டு, இடுப்பில் யாருக்கும் தெரியாமல் கலகலக்கும் மணிச்சரங்கள். தோளில் கனத்த ஒரு பை. "ரெண்டு நாளுக்கு எதுக்கு இவ்வளவு துணி?" என்றான் மக்தார். "துணியில்ல" என்றாள்.

வரவேற்பு மேசையில் இருந்தவன் பெயர் ஃபாய். செரேர் இனத்தவன். கான் என்றால் புலார்க்காரர்கள். அந்த இரண்டு கூட்டமும் எங்கே சந்தித்தாலும் ஒருவரை ஒருவர் அடிமை என்று கூப்பிடாமல் விடாது. அது பாட்டன் பூட்டன் நாளிலிருந்து வந்த கேலி. கோபித்துக்கொண்டால்தான் அவமானம்.

"அட, எங்க வீட்டு அடிமை வந்திருக்கான்! கானுக்குச் சாவி கொடுக்கறதா, விளக்குமாறு கொடுக்கறதா?" என்றான் ஃபாய்.

"உங்க பாட்டன் எங்க மாட்டுக்குப் புல்லு வெட்டுனவன். கதவத் திறந்துட்டு ஓரமா நில்லு. நான் கேட்ட ரூம்தான?"

"கேட்ட ரூம்தான். எஜமானியம்மா, இவன் உங்களைச் சரியா வச்சிருக்கானா? இல்லேன்னா சொல்லுங்க, வித்துடறேன்."

மஜிகேன் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அறை நான்காம் மாடியில். ஜன்னலுக்கு வெளியே கடலும், அதில் கோரே தீவும். காலடியில் கம்பளம் பாதம் புதையும் அளவுக்கு. படுக்கையில் தலையணைகள் மட்டும் ஆறு. குளியலறைக் கதவைத் திறந்தால் விளக்கு தானாக எரிந்தது. தரையெங்கும் மக்தார் கைவேலை: வெள்ளையில் நீல அலைகள், ஒரு ஓட்டில் எழும் அலை அடுத்த ஓட்டில் விழுந்து, சுவர் வரை ஓடியது.

இத்தனை வருஷம் கேட்ட இடத்துக்கு வந்தாயிற்று. ஆனால் அவளுக்கு வீடுதான் தெரிந்தது. இப்போது ஊலி கதவருகே உட்கார்ந்து, தபாஸ்கிக்கு என்ன நிறத்தில் தைக்கலாம் என்று ராக்கியிடம் கேட்டுக் கொண்டிருப்பாள். மெத்தென்ற நாற்காலியில் மஜிகேன் உட்கார்ந்தாள். அது அவளைப் பின்னால் சாய்த்துக் காலைத் தூக்கிவிட்டது. ஊலிக்கு இதில் எப்படி உட்கார வேண்டும் என்று தெரிந்திருக்கும், அந்த ஒல்லிக்கு எங்கேயும் உட்காரத் தெரியும் என்று நினைத்தாள். படுக்கை நன்றாக இருந்தது. ஊலிக்கு இது கிடைக்காமல் போனது இன்னும் நன்றாக இருந்தது. அடுத்த நிமிஷமே தபாஸ்கி ஞாபகம் வந்து வாயெல்லாம் கசந்தது.

மக்தார் குளிக்கப் போனான். மஜிகேன் பையைத் திறந்தாள். துணியில் சுற்றிய மண்சட்டி, கரித்துண்டுகள், ஏழு வாரம் ஊறிய சூராய் ஜாடி. இதுவரை யாருக்கும் விற்காத கலவை. விலை கொடுத்தாயிற்று, விலைக்கு உண்டானதை வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று நினைத்தாள். பால்கனியில் கரியைப் பற்றவைத்து, ஊதிக் கனலாக்கி, கதவைச் சாத்திவிட்டு உள்ளே கட்டிலுக்கடியில் வைத்தாள். ஒரு சிட்டிகை போதும். அவள் கை நிறைய அள்ளிப் போட்டாள்.

புகை சுருண்டு, படுக்கை விரிப்பைத் தடவி, அழகாக மேலே போனது. கூரையில் வெள்ளைப் பொத்தான் மாதிரி ஒன்று சிவப்பாகக் கண்ணைத் திறந்தது. அவ்வளவுதான். ஓட்டல் முழுக்க அலறியது. நடையெங்கும் மணி, படிக்கட்டில் மணி, மொழிமொழியாக வெளியேறச் சொல்லும் ஒரு பெண் குரல். இடுப்பில் துண்டோடு மக்தார் குளியலறையிலிருந்து பாய்ந்து வந்து, புகையைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"மஜிகேன்!"

"சூராய்தான் போட்டேன்!"

சவுக்கு மரங்களின் கீழ் எல்லோரும் நின்றார்கள். குழாய் மேஸ்திரியும் மின்சார மேஸ்திரியும் தச்சரும், அவரவர் மனைவிகள் பளபளக்கும் அங்கிகளோடு. ஃபாய் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஒரு புலார்க் குடும்பத்தை உள்ள விட்டேன், ஓட்டலே எரியுது! எஜமானியம்மா, உள்ள என்ன சமைச்சீங்க?"

"சமைக்கல. சூராய் போட்டேன்."

தச்சர் மனைவி தன் பையைத் தட்டிக் காட்டினாள். "நல்லவேளை நீங்க முந்திக்கிட்டீங்க. என் கரி இன்னும் பத்தல." மின்சார மேஸ்திரியின் மனைவி முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு குலுங்கினாள். அவள் பையிலும் சட்டி இருந்தது. அங்கே வந்திருந்த எந்தப் பெண்ணும் சட்டி இல்லாமல் வரவில்லை.

சிரிப்புக்கு நடுவே மக்தார் அலறும் கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, தொழில்காரனுக்கே உரிய திருப்தியோடு சொன்னான்: "எப்படியோ, தீ மணி வேலை செய்யுதே. துறைமுகத்துல மாட்டிக்கிட்டிருந்த பெட்டியில வந்தது இதுதான். இதனாலதான் நாளே தள்ளிப் போச்சு. சனிக்கிழமைதான் நடக்கும்னு எனக்குத் திங்கக்கிழமையே தெரியும்."

மஜிகேனின் சிரிப்புச் சத்தம் எழவேயில்லை. "திங்கக்கிழமையேவா?"

மக்தாருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள நேரமில்லை.

"திங்கக்கிழமை நீங்க அவ ரூம்ல இருந்தீங்க. அவகிட்ட சொன்னீங்க. அதான் செவ்வாக்கிழமை நான் கேட்டதும் தலையாட்டுனா. என்கிட்ட ஏன் சொல்லல, அமி அப்பா?"

"நீ வந்து சொல்லும்போது உங்க பேரம் முடிஞ்சிருச்சு. நடுவுல நான் பூந்தா ரெண்டு பேரும் சேந்து என்னத்தான் மிதிப்பீங்க."

"அத விடுங்க. அவகிட்ட ஏன் சொன்னீங்க?"

அவன் இடுப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டான். "கேட்டா, சொன்னேன்."

"என்ன கேட்டா?"

"இன்னைக்கு வேலை எப்படின்னு கேப்பா. பெட்டி வரலைன்னேன். எந்தப் பெட்டின்னு கேட்டா. அப்படித்தான்." பிறகு, குற்றம் சாட்டாமல், "நான் வந்ததும் நீ அடுப்புக்கு கேஸ் தீந்துருச்சும்ப" என்றான்.

மணி நின்றது. ஃபாய் எல்லோரையும் உள்ளே போகச் சொன்னான். சட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான். அந்த இரவு ஆறு தலையணைகளில் மூன்றை நடுவில் அடுக்கி மஜிகேன் ஒரு பக்கம் படுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட பேச்செல்லாம் என்ன என்று இப்போது தெரிந்துவிட்டது. கொஞ்சலும் இல்லை, குசுகுசுப்பும் இல்லை. பெட்டி, சிமெண்ட், லாரி. அதற்காகத்தான் இத்தனை வருஷம் வயிறு எரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட பின் எரிச்சல் குறைந்திருக்க வேண்டும். கூடியது. கொஞ்சல் என்றால் ஊலியின் வயசு என்று விட்டிருப்பாள். சிமெண்டைப் பற்றிக் கேட்க வயசு எதற்கு?

காலையில் ரொட்டியும் பழமும் முட்டையும் தட்டில் வந்தன. மக்தார் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது அவள் குளியலறை வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி, பழகாத ஒரு மொழியைப் பேசுகிறவள்போலக் கேட்டாள்:

"இந்த அலை... எங்கேருந்து ஆரம்பிச்சீங்க?"

அவன் மெல்வதை நிறுத்தினான். வந்து பக்கத்தில் நின்றான். கதவிலிருந்து ஆரம்பித்ததாகச் சொன்னான். பிறகு கதவிலிருந்து ஏன் ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னான். சொல்லிக்கொண்டே போனான். முட்டை ஆறிப்போனது. கடைசியில் அவன் முகம் மாறியது. ஜன்னலைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான்.

"குனி. கைகழுவற தொட்டிக்கு அடியில பாரு."

அங்கியைச் சுருட்டிக்கொண்டு அவள் மண்டியிட்டாள். தொட்டியின் நிழலில் ஒரே ஒரு ஓட்டில் அலை பின்னோக்கி ஓடியது.

"திருப்பி வச்சுட்டேன். காஞ்ச பிறகுதான் கண்ணுல பட்டுச்சு. பிடுங்கினா சுத்தி நாலு உடையும். விட்டுட்டேன். இந்த ரூமைக் கேட்டு வாங்கினதே அதுக்குத்தான். வேற மேஸ்திரி எவனாவது தங்கிப் பாத்துட்டான்னா ஊர் பூரா தம்பட்டம் அடிச்சுருவான்."

"ஊலிகிட்ட சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லல."

அவள் அந்த ஓட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. எழுந்திருக்க அவளுக்கு மனமில்லை.

தபாஸ்கி வந்தது. மஜிகேன் வெங்காயம் உரித்தாள். ஊலி மஞ்சள் அங்கியில் அடுப்படியில் நின்றாள். வந்தவர்களெல்லாம் அவளை வீட்டுக்காரி என்று வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்தும் மஜிகேன் காதில் ஆணியாக இறங்கியது; அதைப் பொய் என்று சொல்வதற்கில்லை. தெருவெல்லாம் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள் அது. ஊலியும் வந்து கையைப் பிடித்தாள்.

"தெரிஞ்சு செஞ்சது, தெரியாம செஞ்சது எல்லாத்தையும் மன்னிச்சிருங்க அக்கா."

"மன்னிச்சேன். என்னையும் மன்னிச்சிரு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"இனிமே ஏதாவது செய்வேன்ல."

ஊலி பெரிய கிண்ணத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். நீல விளிம்பு போட்ட கிண்ணம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மஜிகேன் விளிம்பைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"அமி அப்பா, கிண்ணத்தத் திருப்பி வச்சிருக்காப்ல இருக்கே."

மக்தாருக்குச் சோறு புரையேறியது. சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. தோள் குலுங்கியது. "பிடுங்கினா நாலு உடையும், விட்டுரு" என்றான், கண்ணில் நீரோடு.

"என்ன? எதுக்குச் சிரிக்கறீங்க?" ஊலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கிண்ணத்துல என்ன?"

"ஒண்ணுமில்லடி. ஓட்டல் விஷயம்."

"ஓட்டல்ல என்ன?"

மக்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கறியை உடைத்துப் பங்கு வைக்க நீண்ட ஊலியின் கை கிண்ணத்தின் மேலேயே நின்றுவிட்டது. அவள் முகத்தில் ஒரு நிழல் வந்து உட்கார்ந்தது. அந்த நிழலை மஜிகேனுக்கு நன்றாகத் தெரியும். தன் கண்ணாடியில் எத்தனையோ நாள் பார்த்தது.

அன்று பங்கு வைக்கும் உரிமை மஜிகேனுக்கு இல்லை. இருந்தாலும் அவள் கையை நீட்டி, தொடைக்கறியில் பெரிய துண்டாக ஒன்றை உடைத்து, ஊலியின் பக்கம் மெல்லத் தள்ளி வைத்தாள்.